ஒரு ‘டக்’ தூரம்

என் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று அலுவலகம் தந்த லேப்டாப். அதில் ஒரு எழுத்துருவைக்கூட நானாக நிறுவ முடியாது. எதற்கும் அனுமதி கேட்கும். மற்றது நானே வாங்கிய டெஸ்க்டாப். மொழிபெயர்ப்பு, கட்டுரை, குடும்பப் புகைப்படம், மின்கட்டணம் எல்லாம் அதில்தான். 2020 மார்ச் வரை இவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஒன்று கிண்டியில் இருந்தது, மற்றது வீட்டில். ஊரடங்கு வந்து, அலுவலகத்தையே ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தனுப்பியபோதுதான் இரண்டும் ஒரே நான்கடி மேசைக்கு வந்து சேர்ந்தன.

நான்கடி என்றால் கேட்பதற்குத் தாராளமாக இருக்கும். 27 அங்குல மானிட்டர் ஒன்றே இரண்டடியை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று வைத்தால் மேசை தீர்ந்தது. காபி டம்ளரும் க்ரியா அகராதியும் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸும் எங்கே போகும்? மானிட்டரைக்கூடச் சுவரில் மாட்டிவிடலாம். கீபோர்டை என்ன செய்வது? எதிரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தட்டி, தோள்பட்டை வலியோடு டாக்டரிடம் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, திரை ஒன்று, கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று. கம்ப்யூட்டர் மட்டும் இரண்டு. நடுவே ஒரு சின்னப் பெட்டி. அதற்கு கேவிஎம் (கீபோர்டு, வீடியோ, மவுஸ்) சுவிட்ச் என்று பெயர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுவிட்ச் பாக்ஸ் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பொத்தானை அழுத்தினால் ‘டக்’. திரை ஒரு கணம் கறுத்து, அலுவலகம் மறைந்து வீடு வரும். இன்னொரு ‘டக்’, மறுபடி அலுவலகம்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக வந்த சாமானில்லை இது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் தாத்தாவைத் தெரிந்திருக்கும். தகர டப்பா, நடுவில் கறுப்புத் திருகு, ஒரு பக்கம் ‘ஏ’, மறுபக்கம் ‘பி’. இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். “ஏய், பிரிண்டர் உன் பக்கம் இருக்கு, திருப்பு” என்று அறைக்குள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிரிண்டருக்கு அது போதும். அச்சடிக்கிற நேரத்தில் வயர் இணைந்திருந்தால் சரி, மற்ற நேரம் அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

திரைக்கும் கீபோர்டுக்கும் அதே திருகை வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவார்கள். மடையை மாற்றினால் இந்த வயலுக்கு நின்று அடுத்த வயலுக்குப் பாயும். முறை வரும்வரை காய்கிற வயல் வாய் திறக்காது. கம்ப்யூட்டர் அப்படிப் பேசாமல் இருக்காது. தன்னிடமிருந்து கீபோர்டு போய்விட்டது என்று தெரிந்தால் கலவரப்படும். அந்தக் காலத்து பி.எஸ்./2 கீபோர்டை, கம்ப்யூட்டர் உயிர் பெறும்போதே செருகியிருக்க வேண்டும். ஊதா நிறப் பிளக் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. ஆன் செய்கிற நேரத்தில் கீபோர்டு இல்லையென்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 விசையை அழுத்து என்று வரும். இல்லாத கீபோர்டில் எந்த எஃப்1-ஐ அழுத்துவது? இந்தத் துறையின் பழைய நகைச்சுவை இது. ஆனால் சர்வர் அறைக்காரர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. இருபது சர்வர்கள் அடுக்கிய அலமாரியில் இருபது மானிட்டர்கள் வைக்க முடியாது. ஒன்றுதான் வைக்க முடியும். இரவில் மின்சாரம் போய் வந்தால், கீபோர்டு எந்தச் சர்வரின் பக்கம் இருந்ததோ அது மட்டும் எழுந்துகொள்ளும். மீதி எல்லாம் எஃப்1-க்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

அந்தத் தேவையிலிருந்துதான் உண்மையான கேவிஎம் பிறந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில் இயங்கிய சைபெக்ஸ் நிறுவனத்தின் நிறுவனர் ரெமிஜியஸ் ஷாட்டாஸ் 1995இல் அந்த மூன்றெழுத்துப் பெயரை வைத்தார் என்பார்கள். இந்தப் பெட்டிக்குள் திருகு இருக்காது, மின்னணுச் சுற்று இருக்கும். அதன் முழுநேர வேலை பொய் சொல்வது. நான் இப்போது டெஸ்க்டாப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே நேரத்தில் லேப்டாப்பிடம் அந்தப் பெட்டி, “கீபோர்டு இங்கேதான் இருக்கிறது, மவுஸும் இருக்கிறது, அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டிருக்கும். நல்ல பெட்டிக்கும் மலிவுப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பொய்யின் தரத்தில் இருக்கிறது. மலிவான பெட்டி பொய்யே சொல்லாது. யூஎஸ்பி இணைப்பை வெட்டி அந்தப் பக்கம் கொடுக்கும். ஒவ்வொரு ‘டக்’குக்கும் கம்ப்யூட்டர் புதிதாக ஒரு கீபோர்டு வந்து சேர்ந்ததாக நினைத்து, நீ யார், உன் ஊர் எது என்று விசாரித்து முடிக்க ஓரிரு விநாடி ஆகும். அதற்குள் தட்டிய முதல் இரண்டு எழுத்து காற்றோடு போகும்.

திரை விஷயத்தில் பொய் இன்னும் நுணுக்கமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். இடிஐடி என்பது அதன் பெயர். 1994இல் வெஸா என்ற தர அமைப்பு வகுத்தது. அடிப்படை வடிவம் 128 பைட்டுகள்தான். யார் செய்தது, எந்த மாடல், எந்த ஆண்டு எந்த வாரத்தில் செய்தது, அகலம் உயரம் எத்தனை சென்டிமீட்டர், எந்தெந்தத் தெளிவில் படம் காட்டும் எல்லாம் அதற்குள். வயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் இதைப் படித்துத்தான் படத்தை அனுப்புகிறது. மலிவுப் பெட்டியில் அந்தப் பக்கம் திருப்பியதும் இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடும். லேப்டாப்பாக இருந்தால், திறந்து வைத்திருந்த ஜன்னல்களை எல்லாம் வாரிச் சுருட்டித் தன் சொந்தச் சின்னத் திரைக்குக் கொண்டுபோய்விடும். திரும்பி வந்து பார்த்தால் எக்செல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், மெயில் பாதி திரைக்கு வெளியே நிற்கும், இடது வலது பார்த்து ஒழுங்காக அடுக்கிய நாலு ஜன்னல்களும் ஒன்றன்மேல் ஒன்று. விண்டோஸ் 11 வந்தபோது, திரை திரும்பக் கிடைத்ததும் ஜன்னல்களைப் பழைய இடத்தில் வைக்கிற வசதியைச் சேர்த்தார்கள். எத்தனை பேர் திட்டியிருந்தால் அது அமைப்புப் பட்டியலில் ஏறியிருக்கும்! நல்ல பெட்டி அந்தத் தொல்லையை வரவிடாது. ஜாதகத்தை ஒருமுறை படித்து மனப்பாடம் செய்துகொண்டு, உண்மையான திரை எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது அட்டைப் பெட்டியில் கடைசியாக எழுதியிருக்கும் ஒரு எண். முகப்பில் பெரிய எழுத்தில் 4கே என்று போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். எனக்கு எடுத்துக் காட்டிய கடைக்காரர், “ஃபோர் கேன்னா ஃபோர் கேதான் சார், தேர்ட்டி, சிக்ஸ்டி எல்லாம் கேம் ஆடுறவங்களுக்கு. நம்ம கண்ணுக்கு எங்க சார் தெரியப்போகுது?” என்றார். கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், கைக்குத் தெரியும். ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் போகும். 2013இல் வந்த 2.0 தரம்தான் அதை 60 ஆக்கியது. முப்பதில் மவுஸை நகர்த்தினால் அம்பு ஒரு நூலளவு தாமதித்துக் கையின் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வரும். பத்து நிமிடம் வேலை செய்தால் தெரியாது. ஒருநாள் முழுக்கச் செய்தால், காரணம் புரியாத ஒரு எரிச்சல் வந்து உட்காரும். அறுபது எழுதியிருந்ததைத்தான் வாங்கினேன்.

பெட்டியில் உள்ள பொத்தானை எட்டி அழுத்தச் சோம்பலாக இருந்தால் ஸ்க்ரோல் லாக்கை இரண்டுமுறை தட்டலாம். 1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியின் கீபோர்டிலிருந்து இந்த விசை நம்மோடு வருகிறது. எக்செல்லில் தெரியாமல் கை பட்டு, அம்புக்குறி விசைகள் ஏன் தாளையே நகர்த்துகின்றன என்று விழித்தவர்களைத் தவிர வேறு யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. யாருக்கும் தேவைப்படாத விசை என்பதாலேயே கேவிஎம்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது சின்னக் கீபோர்டுகளில் அதை எடுத்தே விட்டார்கள். அதனால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை இரண்டுமுறை தட்டு என்று மாறியிருக்கிறது.

இந்தப் பெட்டியோடு பழகிய பிறகுதான் கீபோர்டு என்பது எவ்வளவு ஏழைச் சாமான் என்று புரிந்தது. எழுத்துகள் அதில் அச்சடித்திருப்பதால், எழுத்து அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒரு எழுத்தும் தெரியாது. இந்த வரிசையில் இத்தனையாவது விசை அமுங்கியது, விடுபட்டது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட அதற்குச் சொந்தமில்லை. எரி என்று கம்ப்யூட்டர் சொன்னால் எரியும். டெஸ்க்டாப்பில் கேப்ஸ் லாக் போட்டுவிட்டு ‘டக்’ செய்து பாருங்கள். விளக்கு அணைந்துவிடும். மறுபடி ‘டக்’. தானே எரியும். விசை ஒன்று, நிலை இரண்டு.

தமிழில் எழுதுகிறவருக்கு இதன் பலன் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். நான் தமிழ்99 முறையில் தட்டுகிறவன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. குறிலும் நெடிலும் இடக்கையில், அதிகம் வரும் மெய்கள் வலக்கையில். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டுமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பழகிவிட்டால் இதைவிட வேகமான முறை கிடையாது என்பது என் கட்சி. ஆங்கில எழுத்தில் ‘அம்மா’வைக் கூட்டித் தட்டுகிறவர்களோடு எத்தனை முறை வேண்டுமானாலும் சண்டைக்கு நிற்பேன். அது டெஸ்க்டாப்பில் இருக்கிறது. அலுவலக லேப்டாப்பில் ஆங்கிலம் மட்டும். கீபோர்டு ஒன்றே.

விரல்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரியாது. அலுவலகத்து அரட்டைப் பெட்டி திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, டெஸ்க்டாப்பின் கட்டுரைக்குள் ‘ஹலோ’வை ஆங்கிலத்தில் தட்டினால் திரையில் ‘கூத்தட’ என்று விழும். ஹெச் விசையில் க, ஈ விசையில் ஊ, இரண்டு எல்லுக்கு த்த, ஓவுக்கு ட. கணக்கு சரியாக இருக்கிறது. ‘ஓகே’ தட்டினால் ‘டம’. ‘தேங்க்ஸ்’ தட்டினால் ‘ஏகலமி’. பாதி எழுதிய ஒரு பத்தியின் நடுவே ‘ஏகலமி’யைப் பார்த்து, இது எந்த ஊர் அம்மன் என்று மகள் கேட்டாள். மறுபக்கம் இவ்வளவு அழகாக இருக்காது. தமிழ் என்று நினைத்து அலுவலகத் திரையில் வணக்கம் தட்டினால் வி, பி, ஹெச், ஹெச், கே, எஃப் என்று ஆறு எழுத்து வரிசை கட்டும். யாரோ கடவுச்சொல்லை வெளியே விட்டுவிட்டார் என்று பார்க்கிறவர் பயப்படுவார்.

சர்வர் அறைகளில் இதே குழப்பம் விளையாட்டாக முடியாது. ஏழாம் எண் சர்வரில் இருக்கிறேன் என்று நினைத்து எட்டாம் எண்ணை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதற்காகவே பெரிய கேவிஎம்களில், பக்கம் மாற்றியதும் சர்வரின் பெயர் திரையில் சில விநாடி மிதந்துவிட்டுப் போகும். என் வீட்டுத் தீர்வு அதைவிட மலிவானது. லேப்டாப்பின் பின்னணி சாம்பல் நிறம், டெஸ்க்டாப்புக்கு வைகையில் வெள்ளம் போன நாளில் எடுத்த படம். கண் ஓரத்தில் செம்மண் நிறம் தெரிந்தால் தமிழ்.

“இந்தக் காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு அப்பா? சாஃப்ட்வேர் போட்டால் போதுமே” என்பது மகளின் வாதம். அதுவும் உண்மைதான். ஒரே வீட்டு வைஃபையில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே மவுஸையும் கீபோர்டையும் தருகிற மென்பொருள்கள் நெடுநாளாக இருக்கின்றன. சினர்ஜி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் 2011இல் வந்தது. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் 2022இல் யுனிவர்சல் கன்ட்ரோல் கொடுத்தது. அம்பை இந்தத் திரையின் வலது ஓரத்துக்குத் தள்ளினால் அந்தத் திரையின் இடது ஓரத்தில் முளைக்கும். இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்டலாம். ஆனால் இவை பகிர்வது கையை மட்டும்தான், திரையை அல்ல. திரை இரண்டு வேண்டும். மேசை நான்கடிதான். தவிர, அலுவலக லேப்டாப்பில் இதை நிறுவ எழுதிக் கேட்டால் வருகிற பதில் எனக்குத் தெரியும்.

அதற்கு அனுமதி கிடைத்தாலும் நான் போடமாட்டேன். அம்பு சறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒரு பத்தியை முடிக்கிற நேரத்தில் கை கொஞ்சம் வலப்பக்கம் போனால் அலுவலகத்தின் வாசலில் கால் வைத்திருப்பேன். மணிக்கட்டு அசைந்த அசைவுக்கு அவ்வளவு தூரம் போவது அநியாயம். போக வேண்டுமென்றால் போகிறேன் என்று தெரிந்து போக வேண்டும். அதற்கு ஒரு பொத்தான், ஒரு சத்தம், ஒரு கணம் கறுத்த திரை. இந்தத் துறையில் எல்லாரும் அந்தக் கறுப்புக் கணத்தைக் குறைக்கத்தான் பாடுபடுகிறார்கள், விலை ஏற ஏற அது குறையும். எனக்கு அது இருக்கட்டும். இங்கே நகலெடுத்த வரி அங்கே ஒட்ட வராது என்பதும் ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் கடைசியாக நகலெடுத்த ஏதோ ஒரு இன்வாய்ஸ் எண் வந்து விழும். அதன் நினைவு அதற்கு, இதன் நினைவு இதற்கு.

இதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிற இடங்கள் உண்டு. ராணுவத்திலும் உளவுத் துறையிலும் ரகசிய நெட்வொர்க்குக்கு ஒரு கம்ப்யூட்டர், வெளியுலகுக்கு இன்னொன்று என்று ஒரே மேசையில் வைத்திருப்பார்கள். அங்கே பயன்படுத்துகிற பெட்டிகள் தனி ரகம். அமெரிக்காவின் என்.ஐ.ஏ.பி. அமைப்பு இவற்றுக்கென்றே விதிமுறை வகுத்திருக்கிறது. பென் டிரைவைச் செருகினால் ஏற்காது. உள்ளே எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செய்தி போகலாம், கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டுக்கு ஒன்றும் வரக் கூடாது. அதன் விளைவாக அந்தக் கீபோர்டுகளில் கேப்ஸ் லாக் விளக்கு எரிவதே இல்லை. எரி, அணை என்று கம்ப்யூட்டர் சொல்வதும் ஒரு செய்திதானே. அதை மிகையான பயம் என்று தள்ள முடியாது. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் 2019இல் ஒரு ஆய்வு செய்து காட்டினார்கள்: எந்த நெட்வொர்க்கோடும் சேராத கம்ப்யூட்டர்கூட, கீபோர்டு விளக்குகளை வேகமாகச் சிமிட்டி, எதிரே இருக்கிற கேமராவுக்கு ரகசியத்தைச் சொல்லிவிடும். அதைப் படித்த பிறகு கேப்ஸ் லாக்கை நான் பார்க்கிற பார்வையே வேறு.

என் மேசையில் ரகசியம் எதுவும் இல்லை. என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. “காசு மிச்சம்னு சொன்னீங்க. பெட்டி, நல்ல கேபிள் நாலு, அதுக்கு ஒரு அடாப்டர். எல்லாத்தையும் கூட்டினா இன்னொரு மானிட்டரே வாங்கியிருக்கலாம் போலிருக்கே?” சின்ன மானிட்டர் வாங்கியிருக்கலாம். பெட்டியின் விலையில் பாதி கேபிளில்தான் போகிறது. கூடவே தருகிற கேபிள் பெரும்பாலும் முழங்கை நீளம்தான் இருக்கும், தரம் குறைந்த கேபிளை மாட்டினால் திரை நடுநடுவே கண் சிமிட்டும். இந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மானிட்டரின் பின்னால் பெரும்பாலும் இரண்டு உள்ளீடு இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரையும் நேராக அதிலேயே செருகிவிட்டு, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் சின்ன யூஎஸ்பி சுவிட்ச் ஒன்று வாங்கினால் போதும். படத்தை மாற்ற மானிட்டரின் அடியில் துழாவி அந்தக் குமிழைத் தேட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஓரிருமுறை மாற்றுகிறவருக்கு இதுவே நல்லது. மணிக்கு நாலுமுறை மாற்றுகிறவர் பெட்டிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

பெட்டியில் எதைச் செருகுவது, எதைச் செருகாமல் இருப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. காலியாக இரண்டு யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் மாட்டத் தோன்றும். நண்பர் ஒருவர் வெப்கேமராவை மாட்டியிருந்தார். திங்கட்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, கிரிக்கெட் ஸ்கோர் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரே ஒரு ‘டக்’. கேமராவும் அவரோடு கூடவே இந்தப் பக்கம் வந்துவிட்டது. அங்கே பதினோரு பேர் நடுவில் அவர் முகம் இருந்த சதுரம் மட்டும் கறுத்துப்போக, மேலாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்பீக்கரும் கூடவே வந்துவிட்டதால் அது இவர் காதில் விழவில்லை. என் கேமராவை லேப்டாப்பிலேயே நேராகச் செருகி வைத்திருக்கிறேன். ஹெட்செட்டையும்.